பொட்டியார் பொட்டி தேர்ந்தெடுத்த கதை

கோபித்துக்கொண்ட பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறவன் பூ தேடுவான், அல்வா தேடுவான், தனக்காகச் சமாதானம் பேச ஒரு மாமனைத் தேடுவான். இக்னிஷன் பொட்டி தேடிய ஒரே ஆண்பிள்ளை இந்தப் பூவுலகத்தில் எங்கள் பொட்டியார்தான். அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. முழுசாக எட்டு மாதம். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

அப்போது நான் ஜவ்வாது மலைமேல் ஒரு சின்னத் தபால் ஆபீஸில் இருந்தேன். கேட்டு வாங்கிய மாற்றல் அல்ல, கொடுத்தார்கள், போனேன். முன்னறையில் ஆபீஸ், பின்னறையில் நான். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், மழை வந்தால் இரண்டும் சந்தேகம். சனிக்கிழமை மலையிறங்கித் திருப்பத்தூருக்குப் போய், பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, மறுபடியும் பூட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஏறிவிடுவேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் எனக்காகக் காத்திருந்தது ஒட்டடை ஒன்றுதான். வயது நாற்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை, வாய் நீளம். கடைசி இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் அண்ணனின் அபிப்பிராயம்.

போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் கவுன்ட்டருக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பார்க் பிளக் இருந்தது.

“மேடம், எம்பேருக்கு ஒரு பொட்டி வந்துகீதா?”

வந்திருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, அங்கேயே பிரித்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு பொட்டி. அதைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு அதே காகிதத்தில் சுற்றி என் முன்னால் வைத்தார்.

“இத்த ரிட்டன் அனுப்பணும் மேடம்.”

“இப்பத்தானேய்யா வாங்கினீங்க!”

“ஒயரு சொருவற எடத்துல ஆறு பின்னு கீது பாருங்க. நம்ம வண்டியில அஞ்சுதான்.”

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மலையில் மற்றவர்களுக்கு ஓய்வூதியம் வரும், பரீட்சை ஹால் டிக்கெட் வரும், குடகுக் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போன பிள்ளைகளிடமிருந்து எப்போதாவது ஒரு பார்சல் வரும். இவருக்குப் பொட்டி வரும், பொட்டி போகும். ஊரே அவரைப் பொட்டியார் என்று கூப்பிட ஆரம்பித்தது. அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று ஒரு வதந்தி உண்டு. அது உண்மைதான்.

அவருடைய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் ரிசார்ட் நடத்திய ஒருவர் கடையைக் கட்டிக்கொண்டு போனபோது விட்டுப்போன குவாட் பைக் அது. நான்கு குண்டுச் சக்கரம், நடுவில் குதிரை மாதிரி கால் பரப்பி உட்காரும் சீட்டு. சுற்றுலாக்காரர்களை உட்கார வைத்து மைதானத்தைச் சுற்றிக் காட்டும் சாது வண்டி அல்ல. பந்தயத்தில் ஓட வேண்டிய முரட்டு ஜாதி. அதை இவர் வாங்கி, மூன்று முறை முழுசாகப் பிரித்து, மூன்று முறை மாட்டியிருந்தார். மாட்டும்போது ஒவ்வொரு முறையும் இரண்டு போல்ட் மிச்சம் வந்ததாம். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“விவசாயம் பண்றவருக்கு எதுக்குய்யா ரேஸ் வண்டி?” என்று கேட்டேன்.

“வூட்டுக்காரிய கூட்டினு வரணும் மேடம்,” என்றார், பால் வாங்கி வரணும் என்கிற மாதிரி.

கதை இதுதான். பொட்டியார் இருப்பது கீழூர். மனைவி சின்னபொண்ணு பிறந்தது மேலூர், அதே மலையில் ஒரு ஏற்றம் ஏறினால் வந்துவிடும். ஒன்பது வருஷத்துக்கு முன் மாமியார் வீட்டுத் திருவிழா விருந்துக்குப் போன நம்மாள், புதிதாக வாங்கியிருந்த மிக்சியை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பிரித்துவிட்டார். சட்னி பாதியில் நின்றது. மச்சான் சிரித்தான், மாமனார் ‘கிறுக்குப்பய’ என்றார். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நேரே மேலூர் மாரியம்மன் கோவிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி, “இனிமே என் கால் இந்த மேலூர் மண்ணுல பட்டா என் ரெண்டு கண்ணும் போவட்டும்!” என்று அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கற்பூரம் முழுசாக அணையவில்லை. மிச்சம் எரிந்துகொண்டிருந்த அதே கற்பூரத்தில் சின்னபொண்ணு ஓங்கி அடித்து, “இவரு இங்க வந்து என்னைக் கூப்புடாம நான் இவரு வூட்டு வாசலுக்கு எறங்கமாட்டேன்!” என்றாள்.

சத்தியத்தை இறக்குவதற்கு மலையில் வழி உண்டு. ஊர் கூடி, கெடா வெட்டி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது. ஆனால் ஒரே கற்பூரத்தில் புருஷன் ஒன்றும் பெண்டாட்டி ஒன்றுமாகச் சத்தியம் அடித்தது அந்த மலையில் அதுவரை நடந்ததே இல்லை. ஊர்ப் பெரியவர் மூன்று நாள் யோசித்துவிட்டு, “ஒத்தச் சத்தியமா இருந்தா எறக்கிடுவேன். இது முடிச்சுப் போட்ட சத்தியம். எத்த மொதல்ல அவுக்கறதுன்னு எனக்கே தெர்லப்பா,” என்று கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் கீழே, அவள் மேலே. பிள்ளை குட்டி கிடையாது. ஒன்பது வருஷம் தனியாகப் பொங்கித் தின்றிருக்கிறார் மனிதர்.

“செருப்புப் போட்டுக்கிட்டுப் போகலாமே? கால் மண்ணுல படாதே?” என்றேன்.

பொட்டியார் என்னைப் பாவமாகப் பார்த்தார். “செருப்பு நம்ம காலோட சேர்ந்ததுங்க. அம்மனுக்கு அது கூடவா தெரியாது? ஆளுங்க தூக்கினு போறோம்னாங்க. பொணமா நானு? ஜீப்பு அந்த ஒத்தயடிப் பாதையில போவாது. பைக்குல போனா வளைவுல காலை ஊனித்தான் ஆவணும். இந்த வண்டிதான் மேடம், நாலு சக்கரம், தானா நிக்கும், காலையே எறக்கத் தேவையில்ல. பெரியவரும் இது செல்லும்னு சொல்லிட்டாரு.”

“அப்புறம் என்ன, போக வேண்டியதுதானே?”

“மூணாவது வளைவுல விக்குது.”

ஒரு லீவு நாளில் அந்த விக்கலைப் பார்க்கப் போனேன். ஏற்றத்தின் அடியில் ஒரு புளியமரம், அதைத் தாண்டினால் மேலூர் மண். பொட்டியார் சாமி கும்பிட்டுவிட்டு வண்டியை விட்டார். முதல் வளைவு ஏறினார், இரண்டாவது ஏறினார். மூன்றாவது செங்குத்து. இரண்டாவது கியரில் வண்டி இழுக்கவில்லை. முதல் கியருக்கு வந்ததும் இன்ஜின் அலறி, உச்சிக்குப் போய், டப் டப் டப் என்று விக்கி, நின்றேவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. கால் மண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று மனிதர் இரண்டு முழங்காலையும் மார்போடு தூக்கி வைத்துக்கொண்டு, கையால் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, பின்பக்கமாகவே புளியமரம் வரை வந்து சேர்ந்தார். விறகுக் கட்டோடு இறங்கிய பெண்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

“இன்னா மாமா, இன்னிக்கும் பாதிதானா?”

“போங்கடி!” என்றார் பொட்டியார், முழங்காலை இறக்காமல்.

குற்றவாளி அந்தப் பொட்டிதான் என்று எனக்கு விளக்கினார். இன்ஜினுக்குள் எந்த நொடியில் தீப்பொறி விழ வேண்டும் என்று சொல்வது அது. கம்பெனி மாட்டிய பொட்டி ஒரு வேகத்துக்கு மேல் இன்ஜினைச் சுற்றவிடாது, பொறியை வெட்டிவிடும். இன்ஜின் கெட்டுப்போகக் கூடாது என்ற நல்லெண்ணம். “நம்மளுக்கு இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு மூச்சு சுத்தவுட்டா ஏறிடும் மேடம். அந்த மாதிரி பொட்டி வெளிய தனியா விக்கறான். எத்த வாங்கறதுன்றதுதான் கேள்வி.”

அந்தக் கேள்விதான் எட்டு மாதம் என் உயிரை எடுத்தது. மலையில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது எங்கள் ஆபீஸ் படியில் மட்டும்தான். அங்கே உட்கார்ந்து பெங்களூர்க் கடைக்காரர் ஒருவருக்குத் தினமும் போன் போடுவார். கடைக்காரருக்குத் தமிழ் அரைகுறை, இவருக்குக் கன்னடம் அதுவும் இல்லை. ‘ஸ்பார்க்’, ‘டைமிங்’, ‘ரிட்டன்’ என்று மூன்று சொல்லில் இரண்டு பேரும் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். ஒரு கட்டத்தில் கடைக்காரர் இவர் நம்பரை எடுப்பதையே நிறுத்திவிட்டார். “உங்க போன்ல போடுங்க மேடம்,” என்றார். போட்டேன். என் நம்பரையும் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்து வந்த பொட்டியில் பின் சரியாக இருந்தது. ஆனால் அது பேட்டரியில் ஓடுகிற ரகம். இவர் வண்டியோ இன்ஜினோடு சுழலும் சக்கரத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருளிலிருந்து, காயில் என்பார்கள், கரண்ட் எடுக்கிற ரகம். மாட்டினால் பொறியே இல்லை. போயிற்று. அதற்கடுத்தது பிரமாதமாகச் சுற்றியது, ஆனால் பொறி சீக்கிரமே விழுந்ததில் இன்ஜின் டக் டக்கென்று தட்டியது. இதற்கு உசத்திப் பெட்ரோல் வேண்டும், அடிவாரத்து ஒடுகத்தூரிலிருந்து நாம் கேனில் கொண்டுவருவது ஆகாது என்றார். போயிற்று. இன்னொன்று வந்தது, கம்ப்யூட்டரில் மாட்டி, எந்த வேகத்தில் எப்போது பொறி விழ வேண்டும் என்று நாமே கோடு போட்டு எழுதிக்கொள்ளலாமாம்.

“மேடம், உங்க கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு கிராஃப்...”

“கவர்ன்மென்ட் கம்ப்யூட்டர்யா! தொட்டீங்கன்னா கையை ஒடிப்பேன்!”

மறுநாள் பள்ளிக்கூட கிராஃப் நோட்டு ஒன்றோடு வந்து, பார்சல் ஒட்டும் மேஜையில் உட்கார்ந்து கோடு கோடாக வரைந்தார். இந்த வளைவு நன்றாயிருக்கிறதா, அந்த வளைவு நன்றாயிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நானும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இங்க கொஞ்சம் தூக்கலா இருக்கு,” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். யார் செய்த பாவமோ, எனக்கு அந்தக் கோடெல்லாம் புரியத் தொடங்கியிருந்தது. எழுதக் கம்ப்யூட்டர் கிடைக்காமல் அந்தப் பொட்டியும் போயிற்று.

ஐந்தாவதாக வந்த பொட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருந்தது. இன்ஜின் எவ்வளவு வேகம் வரை சுற்றலாம் என்பதை ஒன்றிலிருந்து நான்கு வரை திருப்பி வைத்துக்கொள்ளலாம். பின் சரி, காயில் சரி, பெட்ரோல் சரி. எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் அதை ஒரு வாரம் கையில் வைத்துத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, “நாலு செட்டிங்ல எதுன்னு கொழப்பமா கீது மேடம். இத்தயும் ரிட்டன் போட்ருங்க. அதுக்கு முன்ன அம்மனைக் கேட்டுரலாம்,” என்றார்.

பூ கேட்பது தெரியுமல்லவா? இலைப் பொட்டலங்களைச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்து உத்தரவு பார்ப்பது. இவர் பூவுக்குப் பதில் துண்டுச் சீட்டில் மூன்று பொட்டிகளின் பெயரை எழுதி, தேக்கிலையில் மடித்து, கீழூர்க் கோவிலில் வைத்தார். பொது ஆளாக நான் எடுக்க வேண்டும். எடுத்தேன். டக் டக்கென்று தட்டுகிற பொட்டி வந்தது.

“அம்மனுக்கு நம்ம பெட்ரோல் பத்தித் தெரியாதுங்க. இன்னொருவாட்டி எடுங்க.”

எடுத்தேன். கம்ப்யூட்டர் பொட்டி.

“மூணுக்கு ரெண்டு பாத்துரலாம்.”

எடுத்தேன். திருகு வைத்த பொட்டி.

“மூணுவாட்டியும் மூணு சொல்லுது. அம்மனுக்கே கொழப்பம்!” என்று திருப்தியாகச் சிரித்தார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! கோவில் என்றுகூடப் பார்க்கவில்லை. “யோவ், பொட்டி கெடைக்கலன்றதா உம்ம கவலை? எங்க கெடைச்சிருமோன்றதுதான் உம்ம பயம்! ஏறிப் போய் நின்னு, அவங்க ‘போய்யா’ன்னுட்டா என்ன பண்றதுன்னு பயந்துக்கிட்டு எட்டு மாசமா பொட்டி மாத்திக்கிட்டு இருக்கீரு!”

பொட்டியார் தேக்கிலையை மடித்தார், பிரித்தார்.

“ஆமாங்க,” என்றார் கடைசியில். “பொட்டி சரியில்லன்னா பொட்டி மேல பழி போட்டுக்கலாம். பொட்டியும் சரியா இருந்து, நானும் ஏறிப் போய், அவ வரமாட்டேன்ட்டா, யார் மேல போடுறது மேடம்?”

அறைக்கு வந்து ரசத்தைச் சுட வைத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு உண்மை உறைத்தது. அவருக்குப் பொட்டி கிடைக்காமல் இருந்ததில் எனக்கும் சௌகரியம்தான். அந்த மலையில் ஸ்டாம்ப், மணியார்டர் தவிர வேறு விஷயம் என்னிடம் பேசிய ஒரே ஜீவன் அவர். பொட்டி கிடைத்துவிட்டால் இங்கே யார் வருவார்கள்? நானும் உள்ளுக்குள் ரிட்டன் கட்சிதான். வெட்கமாக இருந்தது.

ஆறு நாள் அவர் வரவில்லை. ஏழாவது நாள் வந்து, ரிட்டன் அனுப்பக் கட்டி வைத்திருந்த திருகுப் பொட்டியைக் காட்டி, “அத்தக் குடுங்க மேடம். அதுவே போதும்,” என்றார். எட்டு மாதத்தில் ‘போதும்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து அன்றுதான் வந்தது.

அந்த ஞாயிறு நான் திருப்பத்தூருக்குப் போகவில்லை. கீழூரே புளியமரத்தடியில் நின்றது. பொட்டியார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையிலிருந்த ஸ்பார்க் பிளக்கை என்னிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். திருகை மூன்றில் வைத்தார். ஏறினார். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. மூன்றாவதில் இன்ஜின் அலறியது பாருங்கள், நான் எந்த அம்மனைக் கும்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அலறியது, அலறிக்கொண்டே இருந்தது, விக்கவில்லை. வண்டி வளைவைத் தாண்டி மறைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நாங்கள் எல்லோரும் மூச்சிரைக்க ஏறி ஓடினோம்.

மேலூரில் அந்த வீட்டு வாசலில் பொட்டியார் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தார், கால் இரண்டும் மிதியில். எதிரே கையில் முறத்தோடு சின்னபொண்ணு. முன்தலை நரைத்திருந்தது. ஒன்பது வருஷம் கழித்து ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஊரே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பொட்டியார் தொண்டையைச் செருமினார்.

“இந்தப் பொட்டியில நாலு செட்டிங் கீது,” என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. ஐந்து பின், காயில், பெட்ரோல், பெங்களூர்க்காரர் என்று எட்டு மாதத்தையும் ஒரே மூச்சில் கொட்டினார். வந்த காரியம் என்ன, பேசுகிற பேச்சென்ன! சின்னபொண்ணு முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“மூணுல வெச்சா சூடாவாதா?”

“ஆவும். அதான் ஏத்தத்துக்கு மட்டும் மூணு. எறங்கசொல்ல ரெண்டு.”

“ம்.” உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உட்கார்ந்தபடியே குடித்தார், சொம்பைத் திருப்பிக் கொடுத்தார், வண்டியை வட்டமடித்துத் திருப்பி இறங்கிவிட்டார்.

“கூப்பிடவே இல்லையேய்யா!” என்றேன் புளியமரத்தடியில்.

“பேச்சு அங்க வர்ல மேடம்,” என்றார்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் இன்ஜின் சத்தம் கேட்கும். மூன்றாவது வளைவில் அலறி, மேலே போய் அடங்கும். ஆபீஸ் பக்கம் மட்டும் அவர் வரவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். படி காலியாகக் கிடந்தது. பார்சல் மேஜையில் கிராஃப் நோட்டு கிடந்தது. அவருக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதான். சந்தோஷப்பட்டேன். கூடவே ஆத்திரமும் வந்தது, நன்றி கெட்ட மனுஷன் என்று. யாரும் இல்லாத ஆபீஸில் முத்திரையை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். மத்தியானங்களில் வாசலில் யாராவது நடந்தால் எட்டிப் பார்ப்பேன். அவ்வளவு நீள மத்தியானங்களை அந்த மலையில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான்காவது வாரம், ஆபீஸ் மூடும் நேரத்தில் கவுன்ட்டருக்கு வெளியே அந்தத் தலை தெரிந்தது.

“பார்சல் எதுவும் வரல,” என்றேன் வெடுக்கென்று.

“அவ வந்துட்டா மேடம்.”

கையில் இருந்த முத்திரை அப்படியே நின்றது. “எப்போ? கூப்பிட்டீங்களா?”

“முந்தாநேத்து. சாமை பொடச்சிக்கினு இருந்தா. ‘வூட்டுக்கு வா’ன்னேன். ‘இத்த சொல்ல ஒம்போது வருசமா’ன்னா. முறத்த வெச்சிட்டு எறங்கிட்டா. வண்டியில ஏறமாட்டேன்ட்டா, நடந்தே வந்தா. நான் மெதுவா முன்னாடி, அவ பின்னாடி.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் போகாமல் கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வாடியிருந்தது.

“இன்னிக்கு ஒண்ணு கேட்டா மேடம். ‘எட்டு மாசமா இந்தப் பொட்டிக் கதைய யார்கிட்ட பேசிக்கினு இருந்தே’ன்னா. உங்களச் சொன்னேன். ‘அந்தம்மா யார் கூட ஒக்காந்து சாப்புடுது’ன்னா. எனக்குத் தெர்லங்க. இத்தினி நாள்ல நான் அத்த கேக்கவே இல்லியே.” வாசல் பக்கம் கையைக் காட்டினார். “களி கிண்டிக்கினு கீறா. கையோட கூட்டினு வரச் சொன்னா. வண்டி வெளிய நிக்குது, வாங்க.”

ஆபீஸைப் பூட்டிக்கொண்டு அந்த வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவர் திருகை இரண்டரையில் வைக்க முடியுமா என்று பேசிக்கொண்டே வந்தார். ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசுகிற நான் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.